மீன் யார் வலையிலிருந்து யார் வலைக்குப் போகிறது?

"கடல் சூடாவதால் மீன்கள் இடம்பெயர்கின்றன." பாடநூலிலும் நாளேட்டிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் இந்த வாக்கியத்தை இப்போது ஒரேபோல் படிக்கிறோம். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீன் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்று சொல்கிறதே தவிர, யாருடைய வலையிலிருந்து யாருடைய வலைக்குப் போகிறது என்று சொல்வதில்லை. இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்காத காலநிலை ஆய்வு, கடலை நம்பி வாழ்வோருக்கு அரைப் பயனே தரும் என்பது என் வாதம். என் துறை மொழியியல். கடலியலாளர்களின் முடிவுகளைத் திருத்தும் தகுதி எனக்கில்லை. அம்முடிவுகளைக் கல்விப்புலத்தில் நாம் எடுத்துச் சொல்லும் முறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். வட கேரளத்தில் மத்தி என்றும் தென் கேரளத்தில் சாள என்றும் வழங்கும் மீன் அது. மலையாளிகளின் ஏழைச் சமையலறையில் அரிசிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012இல் கேரளக் கரைக்கு வந்த மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021இல் வந்தது 3,297 டன். 1994க்குப் பிறகு அவ்வளவு குறைந்த அளவு பதிவானதில்லை. நூறு கூடை வந்த கரைக்கு ஒரு கூடைகூட முழுதாக வரவில்லை என்று பொருள். பின்னர் மத்தி திரும்பியது. 2023, 2024 ஆண்டுகளில் கேரளத்தின் பிடிப்பு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் 2024இல் திரும்பி வந்த மத்தியில் பெரும்பகுதி சிறுத்து, சதைப்பற்றுக் குறைந்து இருந்தது. வலை நிறைந்தும் விலை சரிந்ததால் கடலுக்குப் போனவர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தின் பின்னணி கடலுக்குள் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலபார்க் கரையோரத்து மேற்பரப்பு நீர் விலக, அடியிலிருக்கும் குளிர்ந்த, ஊட்டம் மிக்க நீர் மேலெழுகிறது. அதில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை உண்டு மத்தி கொழுக்கிறது. அப்பருவத்திலேயே சினையும் விடுகிறது. மேலெழும் நீர் குறைந்தால் இரை குறைகிறது. அளவு மிஞ்சினால் உயிர்வளி குறைந்த நீர் கரையருகே வந்து மீனை விரட்டுகிறது. மழை, காற்று, வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றின் மிக நுண்ணிய பொருத்தத்தில் வாழும் மீன் அது. 2012க்குப் பிந்தைய சரிவில் எல் நினோவுக்கும் பங்கு இருந்ததாக மேற்கண்ட நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பொருத்தம் குலைகிற காலத்தில் நாம் இருக்கிறோம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு, 1901 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து, இந்தியப் பெருங்கடலின் மேற்கு வெப்பமண்டலப் பகுதி கோடைக்காலத்தில் 1.2 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருப்பதைக் காட்டியது. அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, அப்பகுதியில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாகக் கணித்தது. சூடேறிய மேல்நீர் ஒரு மூடிபோல் நின்று அடிநீரின் ஊட்டத்தை மேலே வரவிடாமல் தடுப்பதே காரணம்.

இதற்கிடையில் மத்தியின் எல்லையும் விரிந்தது. முன்பு 8 பாகைக்கும் 14 பாகைக்கும் இடைப்பட்ட வட அட்சத்தில், அதாவது கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வட கர்நாடகம் வரையிலான கடலில்தான் மத்தி மிகுதியாகக் கிடைத்தது. 1980களின் இறுதியிலிருந்து அது வடக்கே மேலும் பரவியது. தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு சோழமண்டலக் கரையிலும் மிகுந்தது. ஒரு காலத்தில் குளிராக இருந்த நீர் இப்போது மத்திக்கு ஏற்ற அளவு சூடாகியிருப்பதே இப்பரவலுக்குக் காரணம் என்று இ. விவேகானந்தனும் அவருடன் பணியாற்றிய மீன்வள அறிஞர்களும் விளக்கினர்.

இங்கேதான் நம் ஆய்வு மொழி ஓர் ஆறுதலைத் தேடிக்கொள்கிறது: "ஒரு மாநிலம் இழந்ததை இன்னொரு மாநிலம் பெற்றது, நாட்டின் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை." மொத்தம் என்பது எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இந்தியாவின் மொத்தக் கடல்மீன் பிடிப்பு 2012இல் 39.4 லட்சம் டன்; 2021இல் 30.5 லட்சம் டன். இதை ஏறத்தாழ 23 விழுக்காட்டுச் சரிவு என்று ஓர் அட்டவணையில் எழுதிவிடலாம். அதே ஒன்பது ஆண்டுகளில் கேரளத்தின் மத்தி 99 விழுக்காடு மறைந்தது. ஆலப்புழைக் கரையில் மத்தியை மட்டுமே நம்பி வள்ளம் இறக்கியவருக்கு நாட்டின் சராசரியால் என்ன பயன்? குசராத்திலோ தமிழ்நாட்டிலோ கூடுதலாகக் கிடைத்த ஒரு டன், அவருடைய கடன் தவணையில் ஒரு ரூபாயைக் கழிக்காது.

மாநிலங்களுக்கு இடையிலான நகர்வையாவது நாம் கவனிக்கிறோம். அதைவிட முக்கியமான ஒரு நகர்வு ஒரே கரைக்குள் நடக்கிறது. அதை வரைபடம் காட்டாது. தமிழ்க் கரையில் கானாங்கெளுத்தி என்றும் கேரளத்தில் அயில என்றும் வழங்கும் மீன் இயல்பில் மேல்நீர் வாழ்வது. அதை மிதவைச் செவுள்வலையால் பிடிப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் இந்தியக் கடல்களில் பிடிபட்ட கானாங்கெளுத்தியில் 2 விழுக்காடு மட்டுமே அடிமடி இழுவலைகளில் வந்தது. 2003 முதல் 2007 வரையிலான காலத்தில் அது 15 விழுக்காடானது. மேல்நீர் சூடாவதால் மீன் சற்று ஆழத்துக்கு இறங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இழுவலையின் அமைப்பும் அக்காலத்தில் மாறியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எப்படியாயினும் விளைவு ஒன்றுதான். மீன் மாநிலம் மாறவில்லை, மாவட்டம்கூட மாறவில்லை. சில பாகம் கீழே இறங்கியது, அவ்வளவே. அந்தச் சில பாகத்தில் அது செவுள்வலைக்காரரின் கையைவிட்டு விசைப்படகு உரிமையாளரின் கைக்குப் போய்விட்டது. மொத்தப் பிடிப்பு அட்டவணையில் இந்த மாற்றத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மீன் புதிதாக வந்து சேர்ந்த கரையில் மகிழ்ச்சி மட்டுமே நிலவும் என்று நினைப்பதும் தவறு. மத்தி கூட்டமாக நீந்தும் மீன். அதை மொத்தமாக வளைத்துப் பிடிக்கச் சுருக்குமடி வலை வேண்டும். அந்த வலைக்கும் படகுக்கும் பெருமுதல் வேண்டும். தமிழ்நாடு 2000ஆம் ஆண்டிலேயே சுருக்குமடியைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் பிணக்கு ஓயவில்லை. கடலோர ஊர்கள் வலையின் பெயரால் இரண்டாகப் பிரிந்து நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 12 கடல்மைலுக்கு அப்பால் வாரத்தில் இரு நாள்கள் மட்டும் அவ்வலையைப் பயன்படுத்தலாம் என்று 2023 சனவரியில் இடைக்கால ஆணை வந்தது. கூட்டமீனின் பெருக்கமே இப்பிணக்கின் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கரைக்குப் புதிய மீன் மிகுந்து வரும்போது அதைப் பிடிக்க வல்ல கருவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் உடன் வந்து நிற்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். அதற்கு விடை தேடாமல் "தமிழ்நாடு ஆதாயம் பெற்றது" என்று எழுதினால், அந்த வாக்கியத்தில் தமிழ்நாடு என்பது யார்?

கேரளத்தின் பக்கம் இன்னொரு கையும் விடுபட்டது. கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து, தெருத்தெருவாக விற்கும் பெண்களின் தொழில் அருகிலுள்ள கரைக்கு மீன் வருவதை நம்பியது. மத்தி மறைந்த ஆண்டுகளிலும் கேரளத்தார் மத்தி உண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஓமனிலிருந்தும் அது பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது. அந்தச் சரக்கு கரையில் இறங்குவதில்லை. மொத்தச் சந்தையில் இறங்குகிறது. அங்கே கொள்முதல் செய்யப் பெருந்தொகையும் வண்டியும் வேண்டும். உண்பவரின் தட்டில் அதே மீன் இருந்தது. தட்டுவரை அதைக் கொண்டுவந்த கைகள் மாறின. நுகர்வுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் தெரியாது.

இப்போது என் துறைக்குள் வருகிறேன். தமிழ் வினைகளில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பெயர்ந்தது, பெயர்த்தது, குறைந்தது, குறைத்தது, நகர்ந்தது, நகர்த்தியது. மீன்வளம் பற்றிய நம் எழுத்தைப் பாருங்கள்: மீன் பெயர்ந்தது, பிடிப்பு குறைந்தது, கடல் சூடானது, பருவம் தவறியது. ஏறத்தாழ எல்லாமே தன்வினை. வாக்கியத்தில் செய்தவர் இல்லை. ஆகவே பொறுப்பும் இல்லை. கடலைச் சூடாக்கிய கரிம உமிழ்வுக்கு வரலாறு இருக்கிறது, நாடுகள் இருக்கின்றன, நிறுவனங்கள் இருக்கின்றன. சிறுமீனைத் தூளாக்கும் ஆலைகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய பிறவினையை எழுதாமல் விடுவது அறிவியல் நடுநிலை ஆகாது.

'இடம்பெயர்வு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவைக்கும் மீனுக்கும் நாம் வழங்கும் வலசை என்ற சொல்லில் திரும்பி வருதல் அடங்கியிருக்கிறது. பருவம் மாறினால் போகும், பருவம் வந்தால் மீளும் என்ற நம்பிக்கை அது. வாழிடத்தின் எல்லையே நகர்வது வேறு வகை நிகழ்வு. இரண்டையும் 'இடம்பெயர்வு' என்றே எழுதும்போது, "போனது வந்துவிடும்" என்ற பழைய ஆறுதல் புதிய நிகழ்வின் மேலும் படிந்துவிடுகிறது. பெயர்களிலும் கவனம் தேவை. தமிழ்க் கரையில் சாளை என்பது ஒரே மீனின் பெயரன்று. பல இனங்களுக்குப் பொதுப்பெயர். "எங்கள் தாத்தா காலத்திலும் சாளை உண்டு" என்று ஒரு மீனவர் சொல்லும்போது அவர் எந்தச் சாளையைச் சொல்கிறார் என்று கேட்டறியாமல், அவர் கூற்று அறிவியலுக்கு முரண் என்று ஒதுக்குவதும், அதையே சான்றாக எடுத்துக்கொள்வதும் ஒருபோலப் பிழை.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: மத்தியின் ஏற்ற இறக்கம் புதிதன்று, அதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் முடிச்சுப் போடலாமா? நியாயமான கேள்வி. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலபார் மத்தியின் வரவும் மறைவும் பற்றி ஆராய்ந்திருக்கிறார். 1940களில் மத்தி அரிதானபோது மாகாண அரசு சிறுமீன் பிடிப்பைக் கட்டுப்படுத்தவும் முயன்றது. ஆகவே ஊசலாட்டம் இம்மீனின் இயல்பு. ஆனால் ஊசல் ஆடும் வீட்டின் தரையே இப்போது சாய்கிறது. இயற்கையான சரிவுடன் சூடேறிய கடலும் சேர்ந்தால் மீட்சி எப்போது, எந்த அளவில் வரும் என்பதைப் பழைய அனுபவத்தைக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டாவது மறுப்பு: அளவுக்கு மீறிப் பிடித்ததுதான் காரணம், காலநிலை ஒரு சாக்கு. மிகைப்பிடிப்பு உண்மை. மத்தி மிகுந்திருந்த ஆண்டுகளில் வளைவலைகளின் நீளமும் எண்ணிக்கையும் பெருகின. இளமீனும் சேர்ந்தே வாரப்பட்டது. ஆனால் இரு காரணங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தன் சினைமீனை இழந்த கூட்டம் கெட்ட பருவத்தைத் தாங்காது என்பதால், கடல் சூடேறும் காலத்தில் மிகைப்பிடிப்பின் கேடு முன்னைவிடக் கூடும்.

உலக அளவில் பார்த்தாலும் நம் கடல்களின் நிலை தனி. வட அட்லாண்டிக்கில் கானாங்கெளுத்தி இனம் ஒன்று வடமேற்காகப் பரவி ஐஸ்லாந்துக் கடலை அடைந்தது. 2006இல் அந்நாடு பிடித்தது சில ஆயிரம் டன். 2011இல் ஒன்றரை லட்சம் டன்னைக் கடந்தது. பங்கீடு குறித்து நார்வே, ஐரோப்பிய ஒன்றியம், பரோ தீவுகள் ஆகியவற்றுடன் நெடும்பிணக்கு எழுந்தது. அங்கே மீனுக்குப் போக வடக்கு இருக்கிறது. அரபிக்கடல் 25 பாகை வட அட்சத்தை ஒட்டி மக்ரான் கரையில் முடிந்துவிடுகிறது. வங்கக்கடல் அதற்கும் முன்பே சுந்தரவனத்தில் முடிகிறது. நம் கடல் வடக்கே சுவர் எழுப்பிய அறை. மேலும், வெப்பமண்டலத்திலிருந்து ஒரு மீன் விலகினால் அவ்விடத்தை நிரப்ப அதைவிட வெம்மையான கடலிலிருந்து வர வேறு மீன் இல்லை. வில்லியம் சியுங் குழுவினர் 2010இல் வெளியிட்ட கணிப்பின்படி, உமிழ்வு கட்டுக்குள் வராவிட்டால் 2055க்குள் உயர் அட்சக் கடல்களில் பிடிப்பு வாய்ப்பு 30 முதல் 70 விழுக்காடு கூடலாம். வெப்பமண்டலத்தில் 40 விழுக்காடு வரை குறையலாம். கடலைச் சூடாக்கியதில் மிகக் குறைந்த பங்குடையவர்களுக்கே இழப்பில் மிகுந்த பங்கு கிடைக்கிறது.

இவ்வளவும் நகர்கையில் நம் சட்டங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அரசமைப்பின்படி கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் ஒன்றியத்தின் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். கேரளம் 2015இல் முன்னோடியாக, குறைந்த அளவுக்குக் கீழ்ப்பட்ட மீனைப் பிடிக்கத் தடை விதித்தது. மத்திக்கு அந்த அளவு 10 சென்டிமீட்டர். ஒரே மத்திக் கூட்டம் மாநில எல்லையைத் தாண்டும்போது வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே அதே சிறுமீன் மீன்தூள் ஆலைக்குப் போனால் இங்கே பொறுத்திருந்தவருக்கு என்ன ஊதியம்? காலமும் இப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை தடைக்காலம். சென்னைக் கடலில் சங்கரா மீனை 1980 முதல் 2004 வரை கவனித்த ஆய்வு, அதன் சினைப்பருவம் வெம்மை மிகுந்த மாதங்களிலிருந்து அக்டோபர்–மார்ச் மாதங்களை நோக்கி விலகியதைக் காட்டியது. தடைக்காலத்தால் வேறு பல மீன்களுக்கு நன்மை உண்டு. அதை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் மீனின் நாள்காட்டி மாறும்போது அரசிதழின் நாள்காட்டி மட்டும் மாறாமலிருந்தால், இரண்டு மாதம் வருமானமின்றி இருக்கும் மீனவரிடம் "மீன் பெருகத்தான்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆய்வு மாணவர்களிடமும் பேராசிரியர்களிடமும் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவதாக, மீன் நகர்வு பற்றி எழுதும்போது மொத்த டன்னுடன் நிறுத்தாமல், எந்தக் கருவியில் எவ்வளவு என்ற பிரிப்பையும் உடன் எழுதுங்கள். அத்தரவு திரட்டப்படுகிறது, நம் கட்டுரைகளின் முதற்பக்கத்துக்குத்தான் அது வருவதில்லை. இரண்டாவதாக, ஒரே மீனைப் பகிரும் மாநிலங்கள் தடைக்காலத்தையும் குறைந்த அளவையும் கூடி முடிவுசெய்ய நிலையான ஓர் அமைப்பு வேண்டும். அதில் செவுள்வலைக்காரர்களும் மீன் விற்கும் பெண்களும் உறுப்பினராக வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் கடைசி வரிசை நாற்காலியில் அவர்களை உட்காரவைத்தால் போதாது. மூன்றாவதாக, முடிவுகளைக் கரையின் மொழியில் திருப்பிக் கொடுங்கள். மீனவர்களிடம் நீரோட்டத்துக்கு நீவாடு என்ற சொல் இருக்கிறது. மழைக்காலச் சேற்றுக்கரையில் மீன் திரளும் நிகழ்வுக்கு மலையாளத்தில் சாகர என்ற சொல் இருக்கிறது. தலைமுறைகளின் கடற்கவனம் அச்சொற்களில் தங்கியிருக்கிறது. அவர்களிடம் சொல்லைக் கேட்டுக் கலைச்சொற்பட்டியல் தொகுத்துப் பட்டம் பெறுகிறோம். அதே சொல்லில் நம் ஆய்வு முடிவை அவர்களிடம் சொல்லும் கடன் பாக்கியிருக்கிறது.

கடலின் வெப்பத்தை இன்றே தணிக்கும் ஆற்றல் எந்த மீன்பிடி ஊருக்கும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. குறைந்து வரும் மீனை எந்த முறையில் பங்கிடுவது என்பது மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது. அந்த முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டு வருகிறது: முதல் உள்ளவர் ஆழத்துக்கும் தொலைவுக்கும் மீனைத் தொடர்ந்து போகிறார், இல்லாதவர் கரையில் நிற்கிறார். இதைக் காலநிலையின் செயல் என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. அடுத்த கட்டுரையில் "மீன்கள் இடம்பெயர்ந்தன" என்று எழுதியதும் ஒரு நொடி நிறுத்தி, யார் வலையிலிருந்து, யார் வலைக்கு என்று அடுத்த வரியை எழுதுங்கள். தரவு அந்த வரிக்கு விடை தராவிட்டால், அடுத்த ஆய்வைத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.